உடைய வேண்டிய போல்ட்

விவசாயக் கருவிகளில் உடைவதற்கென்றே வைக்கப்படும் உறுப்பு ஒன்று உண்டு. பட்டறைக்காரர்கள் அதை ஷியர் போல்ட் என்பார்கள். டிராக்டரிலிருந்து கருவிக்கு ஆற்றல் கடந்து செல்லும் தண்டின் இணைப்பில், வேண்டுமென்றே மென்மையான இரும்பால் ஆன ஒரு சிறு போல்ட் செருகப்பட்டிருக்கும். கருவி எங்காவது சிக்கிக்கொண்டால், விலை உயர்ந்த பல்சக்கரங்களும் தண்டுகளும் முறிவதற்கு முன்பே இது அறுபட்டுவிடும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலையை இயந்திரத்தில் இது செய்கிறது. அதன் விலை ஒன்றிரண்டு கோப்பைத் தேநீரின் விலைதான்.

பஞ்சாபின் மால்வா வட்டாரத்தில், பழைய எரு பரப்பும் வண்டி ஒன்றை வாங்கிய ஒரு விவசாயியின் வயலில், நான்கு நாள்களில் இப்படிப்பட்ட போல்ட்டுகள் பதினொன்று உடைந்தன. அவை ஏன் உடைந்தன என்பது விளங்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாள்களில் இயந்திரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் பலரும் கருத்துச் சொன்னார்கள். விடையைக் கையில் வைத்திருந்தவர் ஒருவரே. அவரிடம்தான் எவரும் கேட்கவில்லை. தரவு, சான்று, களம் என்று நாள்தோறும் பேசுகிறவர்கள் அந்த ஒன்பது நாள்களைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

எரு பரப்பும் வண்டியின் பிறப்பிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், மரியா ஸ்டெய்ன் என்னும் சிற்றூரில் ஆசிரியராக இருந்தவர் ஜோசப் ஓப்பன்ஹைம். வளர்ந்த மாணவர்கள் எரு வாரி இறைக்கும் வேலைக்காக வகுப்புக்கு வராமல் போவது அவரை உறுத்தியது என்றும், அதனால்தான் 1899-இல் எருவைப் பக்கவாட்டிலும் அகலமாக வீசக்கூடிய வண்டியை அவர் வடிவமைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. அவருக்கு முன்பும் எரு வண்டிகள் இருந்தன. அவை எருவைப் பெரும்பாலும் வண்டியின் அகலத்துக்கே கொட்டிச் சென்றன. 'நியூ ஐடியா' என்ற பெயரில் அவர் தொடங்கிய தொழில் பின்னாளில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ஆக, இந்த இயந்திரத்தின் தொடக்கத்தில் இருந்தது ஓர் எளிய கேள்வி: இந்த வேலையை இப்போது யார் செய்துகொண்டிருக்கிறார்கள்?

பஞ்சாபில் அந்தக் கேள்விக்கான விடை வேறு. மாட்டுக் கொட்டிலைக் கூட்டிச் சாணம் அள்ளும் வேலைக்கு அங்கே 'கோஹா கூடா' என்று பெயர். நிலமுடைய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து வந்தவர்கள் நிலமற்ற தலித் பெண்கள். குவிந்த எருவை டிராலியில் ஏற்றி, வயலில் குவியல் குவியலாகக் கொட்டி, மண்வெட்டியால் பரப்பும் வேலையோ பசுமைப் புரட்சிக்குப் பின் பெருமளவில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வரும் தொழிலாளர்களின் கைக்குப் போயிற்று. அவர்களை ஊரார் 'பையா' என்று அழைப்பார்கள். அண்ணன் என்று பொருள்படும் அந்தச் சொல், அங்கே வெளியாளை ஒதுக்கிச் சுட்டும் சொல்லாகத் தேய்ந்து கிடக்கிறது.

வண்டியை வாங்கியவர் பதினைந்து எருமைகளும் பசுக்களும் வைத்திருப்பவர். ஒரு மாடு நாளொன்றுக்குப் பதினைந்து கிலோ சாணம் போடுவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு எண்பது டன்னுக்கு மேல் வரும். வறட்டிக்குப் போனது போக மீதி எல்லாம் கொட்டிலின் பின்னால் குவிந்து மக்கியிருந்தது. நெல் அறுத்து முடிப்பதற்கும் கோதுமை விதைப்பதற்கும் இடையே அங்கே கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. அதற்குள் வைக்கோல் அகல வேண்டும், எரு பரவ வேண்டும், நிலம் உழப்பட வேண்டும். அந்த அவசரத்தில்தான் வேறொரு மாவட்டத்து விவசாயியிடமிருந்து, புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, மூன்று டன் கொள்ளும் பழைய வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. வண்ணம் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. விற்றவர் அதை வெறுமையாக ஓட்டிக் காட்டினார்; எல்லாம் சுழன்றன.

அந்த வண்டியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வருவது விளங்கும். அது சக்கரங்கள் மேல் நிற்கும் ஒரு நீண்ட பெட்டி. பெட்டியின் தரையில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு சங்கிலிகள் நீள ஓடுகின்றன. அவற்றுக்கிடையே ஏணிப்படிகள்போலக் குறுக்கு இரும்புப் பட்டைகள். சங்கிலிகள் மெல்ல நகர, பட்டைகள் எருவைப் பின்னோக்கி இழுத்துச் செல்கின்றன. பின்வாயிலில் பற்கள் பதித்த உருளைகள் வேகமாகச் சுழன்று, வந்து சேரும் எருவைப் பிய்த்து வயலில் வீசுகின்றன.

இதற்கெல்லாம் ஆற்றல் டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. என்னும் சுழல்தண்டிலிருந்து வருகிறது. அதன் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, வினாடிக்கு ஒன்பது. அங்கிருந்து, இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட் பொருத்திய, நீளவும் குறுகவும் வல்ல ஒரு தண்டு வண்டியை இணைக்கிறது. அந்தத் தண்டு வண்டியோடு சேரும் இடத்தில்தான் ஷியர் போல்ட். அதைத் தாண்டினால் பெட்டியின் அடியில் செல்லும் நீண்ட தண்டு. அதன் முடிவில் கியர்பாக்ஸ். கியர்பாக்ஸில் ஆற்றல் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வேகம் குறையாமல் உருளைகளுக்குப் போகிறது. மற்றொரு கிளை ஒரு திருகுத்தண்டும் அதனோடு பொருந்திய வெண்கலப் பல்சக்கரமும் வழியாக வேகம் வெகுவாகக் குறைந்து தரைச் சங்கிலிகளுக்குப் போகிறது. சங்கிலிகளை இழுக்க, ஒரே அச்சில் இடமும் வலமும் இரண்டு பல்சக்கரங்கள்.

முதல் நாள் முதல் வண்டி நிறைந்து வயலுக்குப் போயிற்று. கால்வாசி காலியானபோது ஒரு வெடிச் சத்தம், எல்லாம் நின்றன. போல்ட் அறுந்திருந்தது. புதியது போட்டார்கள். சிறிது தூரத்தில் அதுவும் அறுந்தது.

வழக்கம்போல முதல் கருத்து போல்ட்டைப் பற்றியதாகவே இருந்தது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தந்துவிட்டார் என்றார் உரிமையாளர். அவருடைய தம்பி எரு ஈரமாக இருக்கிறது என்றார். பக்கத்து வயல்காரர், டிராக்டரின் கிளட்சைத் திடீரென்று விடுகிறீர்கள் என்றார். மூன்றுமே நிகழக்கூடியவைதாம். ஷியர் போல்ட் அறுவதற்குக் காரணங்கள் பல. அழுந்திக் கிடக்கும் எரு உருளையின் பற்களில் முட்டிக்கொண்டிருக்க, அந்நிலையில் எஞ்சினை முழுவேகத்தில் வைத்து இயக்கத் தொடங்கினால் போல்ட் உடனே போகும். சுழல்தண்டு ஓடும்போதே வண்டியைக் குறுகத் திருப்பினால், யுனிவர்சல் ஜாயின்ட் தாங்காத கோணத்துக்கு மடிந்து அறுக்கும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமையாமல், பிரித்து மாட்டும்போது பிசகிப் போயிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து தண்டு அதிரும். கல்லோ கட்டையோ எருவோடு வந்திருக்கலாம். உருளையின் அச்சில் சாக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருக்கலாம். பேரிங் இறுகியிருக்கலாம்.

அதனால் அனுபவமுள்ளவர்கள் முதலில் கேட்பது, போல்ட் எப்போது உடைகிறது என்பதையே. தொடங்கும் கணத்திலா, திரும்பும்போதா, நேராக ஓடிக்கொண்டிருக்கையிலா, நிறைவண்டியிலா, வெறுவண்டியிலா? காரணங்களின் பட்டியலில் பாதியை இந்த ஒரு கேள்வி அடித்துவிடும். இங்கே போல்ட்டுகள் தொடக்கத்தில் உடையவில்லை, திருப்பத்திலும் உடையவில்லை. சுமை ஏறிய வண்டி நேர்கோட்டில் சிறிது தூரம் நன்றாக ஓடிய பிறகே உடைந்தன. ஆனால் அந்த அவசரத்தில் எவரும் அதைக் குறித்துவைக்கவில்லை. ஏழு போல்ட்டுகள் உடைந்தன என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

மூன்றாம் நாள் மிஸ்திரி வந்தார். வேளாண் கருவிகளோடு முப்பது ஆண்டுகளாகப் பழகியவர். அவர் வந்தபோது வண்டி வெறுமையாக, கழுவியதுபோல் துப்புரவாக நின்றது. சுழல்தண்டை இணைத்து மெதுவாக ஓட்டச் சொன்னார். உருளைகள் சுழன்றன, தரைப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நேராக நகர்ந்தன. எஞ்சினை அணைத்து, பேரிங்குகளைக் கையால் தொட்டு வெப்பம் பார்த்தார். உருளையைக் கையால் சுழற்றிப் பார்த்தார். தண்டின் கவைகள் ஒரே தளத்தில் இருந்தன. கடைசியில் போல்ட் செருகும் துளையைப் பார்த்து, கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். எட்டு மில்லிமீட்டர் வட்டமாக இருக்க வேண்டிய துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. அப்படிப்பட்ட துளையில் போல்ட் இறுக்கமாக உட்காராது. ஆடி ஆடி ஒவ்வொரு முறையும் சம்மட்டி அடி வாங்கும். தாங்க வேண்டிய சுமைக்கு முன்பே அறும். அவர் சொன்னது சரியான இயந்திர அறிவு. துளையைப் பத்து மில்லிமீட்டராகப் பெருக்கித் துளைத்து, பத்து மில்லிமீட்டர் போல்ட் போட்டார்.

அதன் பின்னும் நான்கு உடைந்தன.

பழுது பார்ப்பதில் மிகவும் ஏமாற்றுவது இப்படிப்பட்ட அரை உண்மைதான். துளை தேய்ந்திருந்தது உண்மை. அது போல்ட்டை வலுவிழக்கச் செய்ததும் உண்மை. ஆனால் அது விளைவு. வேறெங்கோ இருந்த ஒரு சிக்கல் மீண்டும் மீண்டும் தண்டை இழுத்து நிறுத்தியதால்தான் துளை தேய்ந்தது. ஒரு குறை கையில் கிடைத்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தக் குறை மெய்யாக இருந்தால், தேடல் இன்னும் உறுதியாக நின்றுவிடுகிறது.

ஐந்தாம் நாள் காலையில் உரிமையாளர் பொறுமை இழந்தார். விதைப்பு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளை வாங்கிவந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அந்த இரண்டு எண்கள்தாம் வேறுபாடு. 4.6 வகை மென்போல்ட்டின் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன், 8.8 வகைக்கு 800. ஆக அதே அளவில் வலிமை இரு மடங்கு. விட்டம் எட்டிலிருந்து பத்தாகக் கூடியதால் குறுக்குப் பரப்பு ஏற்கெனவே ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. இரண்டையும் பெருக்கினால், வண்டியை வடிவமைத்தவர் நினைத்த இடத்தில் அறுபட வேண்டிய போல்ட், அதைப்போல் மூன்று மடங்கு விசை வந்தாலும் அசையாது நிற்கும்.

அது அசையவில்லை. அன்று வண்டி ஓடியது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆறாம் நாள் மூன்றாவது நடையில் போல்ட் உடையும் சத்தத்துக்குப் பதிலாக அரைபடும் சத்தம் கேட்டது. உருளைகள் சுழன்றுகொண்டிருந்தன, தரை நகரவில்லை. கியர்பாக்ஸைத் திறந்தபோது வெண்கலச் சக்கரத்தின் பற்கள் வழிக்கப்பட்டிருந்தன. எண்ணெய்க்குள் பொன்னிறத் தூள் மினுங்கியது. சில ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது லூதியானாவுக்குப் பயணமாயிற்று. புதுச் சக்கரம் வந்து சேர மூன்று நாள்.

இந்த ஒன்பது நாளும் அந்த வண்டியோடு மிக நெருக்கமாக இருந்தவர், கோசி ஆற்றுப் படுகையிலிருந்து வந்திருந்த ஒரு தொழிலாளி. எருவை வண்டியில் ஏற்றுவது அவரும் அவருடைய ஊர்க்காரர் ஒருவரும். கூலி ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று பேச்சு. தீபாவளி கழிந்த ஆறாம் நாள் சத் பூஜை. அதற்குள் எருவை முடித்து, கிடைத்த பணத்தோடு ஊருக்கு ரயிலேற வேண்டும் என்பது அவர் கணக்கு. வண்டி சிக்கி நின்ற பொழுதுகளில் போல்ட் மாற்றினால் மட்டும் போதவில்லை. ஆறு முறை, பெட்டியில் மீதியிருந்த எரு முழுவதையும் கவையால் வாரி வெளியே கொட்ட வேண்டியிருந்தது. ஈர எரு கல்லைப்போல் கனக்கும். அதைக் கொட்டியவரும் அவரே. போல்ட்டைச் சுற்றி மூவர் நின்று விவாதித்துக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள் முழங்கால் அளவு எருவில் நின்றுகொண்டிருந்தார் அவர்.

ஒன்பதாம் நாள், கியர்பாக்ஸ் பொருத்தப்பட்ட பின், மிஸ்திரி ஒருமுறை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தரைப் பட்டைகளின் ஓரத்தில் ஆங்காங்கே புதிய சிராய்ப்புகள். கடப்பாரை பட்ட தழும்புகள். "இது என்ன?" என்று பொதுவாகக் கேட்டார். தொழிலாளி தயங்கிச் சொன்னார்: "நான் பட்டைகளை நேராக்கிய இடம், மிஸ்திரி ஜி. எருவை வாரி முடித்ததும் பார்த்தால் வலப்பக்கம் எப்போதும் ஒரு சாண் பின்தங்கி நிற்கும். பட்டை கோணலாகப் பக்கப் பலகையில் குத்திக்கொண்டிருக்கும். கடப்பாரையால் நெம்பி, சங்கிலியைப் பல் மாற்றி வைத்தால் நேராகிவிடும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்தேன்."

ஏன் இதுவரை சொல்லவில்லை என்று உரிமையாளர் கேட்டார். "வண்டியே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன், சர்தார் ஜி" என்றார் அவர்.

மிஸ்திரிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இரு சங்கிலிகளையும் இழுத்துப் பிடித்து, இருபது கண்ணிகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து அளந்தார். இடச் சங்கிலியைவிட வலச் சங்கிலி இரண்டு விரற்கடை நீளம் கூடுதல். இடச் சங்கிலி புதியது. வலச் சங்கிலி ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஒவ்வொரு மூட்டிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்து நீண்டது. சங்கிலியின் இரும்பு நீள்வதில்லை. மூட்டுகளின் ஊசி தேயத் தேய ஒவ்வொரு கண்ணியும் சற்று விலகுகிறது, அவ்வளவே. முன்பு வைத்திருந்தவர் இடச் சங்கிலி அறுந்தபோது அதை மட்டும் மாற்றிச் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறார். வலப்பக்கப் பல்சக்கரத்தின் பற்களும் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தன.

அதன்பின் எல்லாம் ஒரு வரிசையில் வந்து நின்றன. நீண்ட சங்கிலி பல்சக்கரத்தின் அடியில் உட்காராமல் பற்களின் மேலேறி ஓடுகிறது. சுமையின்றி ஓடும்போது அதனால் தொல்லை இல்லை. விற்றவர் ஓட்டிக் காட்டியபோதும், மிஸ்திரி முதல் முறை பார்த்தபோதும் எல்லாம் ஒழுங்காக நகர்ந்தது அதனால்தான். மூன்று டன் எரு ஏறியதும் வலச் சங்கிலி ஒரு பல் துள்ளுகிறது. பட்டையின் வலமுனை ஒரு கண்ணி பின்தங்குகிறது. சற்று நேரத்தில் மற்றொரு துள்ளல். இரண்டு மூன்று துள்ளல்களில் பட்டைகள் கோணலாகிப் பக்கப் பலகையில் குத்தி நிற்கின்றன. தரை நின்றுவிட, உருளைகளும் தண்டும் அதே கணத்தில் தடுக்கப்பட, போல்ட் அறுகிறது. தொடங்கியவுடன் உடையாமல் கால்வாசி காலியான பிறகு உடைந்ததன் காரணம் இதுவே. போல்ட் பதினொரு முறையும் தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது.

இரு சங்கிலிகளும் சோடியாக மாற்றப்பட்டன. பல்சக்கரங்கள் இரண்டையும் கழற்றித் திருப்பிப் போட்டார் மிஸ்திரி. தேயாத முகம் இழுவைப் பக்கம் வந்தது. அடுத்த பருவத்துக்கு முன் அவற்றையும் மாற்றிவிட வேண்டும், தேய்ந்த பல் புதுச் சங்கிலியையும் தின்றுவிடும் என்று சொல்லிவைத்தார். பெருக்கிய துளையை வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடியும் எட்டு மில்லிமீட்டரில் துளைத்தார். மென்போல்ட் திரும்பி வந்தது. மீதமிருந்த 8.8 போல்ட்டுகளைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். இங்கே இருந்தால் ஒருநாள் எவராவது மாட்டிவிடுவார்கள் என்றார்.

அவருடைய அச்சம் கியர்பாக்ஸைப் பற்றியது மட்டும் இல்லை. வெளிவிட்டம் ஏழு சென்டிமீட்டர் உள்ள தண்டு வினாடிக்கு ஒன்பது முறை சுழன்றால், அதன் மேல்பரப்பு வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் வேகத்தில் துணியைச் சுற்றிக்கொள்ளும். தொங்கும் துண்டின் முனை பட்டால், கையை விலக்கிக்கொள்ள நேரம் இருக்காது. அறுபட வேண்டிய இடத்தில் போல்ட் அறுபடாவிட்டால், சிக்கிய பொருள் எதுவானாலும் தண்டு இழுத்துக்கொண்டே இருக்கும். மென்போல்ட் மனிதரைக் காக்கச் செய்யப்பட்டதில்லை. அதை நம்பி ஓடும் தண்டின் அருகே போகக் கூடாது. ஆயினும் அது நிற்கும் இயந்திரத்துக்கும் நிற்காத இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு. பெட்டிக்குள் ஒருவர் இறங்குவதற்கு முன் எஞ்சின் அணைய வேண்டும். டிராக்டரின் சாவி இறங்குகிறவரின் பையில் இருக்க வேண்டும். அந்த ஆறு முறையும் எஞ்சின் அணைந்திருந்தது. சாவி ஓட்டுநரிடம் இருந்தது. வேளாண்மையில் பயன்படும் அபாயகரமான இயந்திரங்களுக்கென்று நடுவண் அரசு 1983-இல் ஒரு சட்டம் இயற்றியது; அவற்றை இயக்குகையில் இறப்போ காயமோ நேர்ந்தால் இழப்பீடு தருவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. சட்டம் கை போன பிறகு வருகிறது. சாவியை எவர் பையில் வைப்பது என்பதை அந்த வயலில் நிற்பவர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.

இந்நிகழ்ச்சியில் முட்டாள் எவரும் இல்லை என்பதே கவனிக்கத் தக்கது. உரிமையாளருக்கு நேரம் இல்லை. அவருடைய அவசரம் நியாயமானது. மிஸ்திரி தெரிந்தவர், அவர் பார்த்த ஒவ்வொன்றும் பார்க்க வேண்டியதே. ஆனால் அவர் பார்த்தது நேராக்கப்பட்ட வண்டியை. பழுதின் தடயம் ஒவ்வொரு முறையும் பெட்டியின் தரையில் கோணலாகத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒருவர் தம் உடல் வலிமையால் அதை அழித்துத் துப்புரவாக்கி ஒப்படைத்தார். அவர் அதை மறைக்கவில்லை. வேலையைத் தடையின்றி நடத்துவதற்கு உதவினார். அந்த உதவி எவர் கண்ணிலும் படாததால், அதனோடு சேர்ந்து தடயமும் கண்ணில் படாமல் போயிற்று.

ஆய்வுலகில் இதற்கு இணையானவை ஏராளம். வினாநிரலில் பொருந்தாத விடையைப் பொருந்தும்படி திருத்தி எழுதும் களப்பணியாளர், ஒவ்வொரு காலையும் கருவியைத் தட்டிச் சரிசெய்துவிட்டு மாணவர்களுக்காகத் திறந்துவைக்கும் ஆய்வக உதவியாளர், சிதைந்த ஏட்டைப் படிக்கத் தக்கதாக அடுக்கித் தரும் நூலகப் பணியாளர். இவர்களுடைய கையைக் கடந்த பிறகே தரவு ஆய்வாளரின் மேசைக்கு வருகிறது. கட்டுரையின் முறையியல் பகுதியில் கருவியின் வகை இருக்கும். மாதிரியின் அளவு இருக்கும். நேராக்கியவரின் கடப்பாரை இராது. முடிவுகள் ஏதோ ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் உடையும்போது, இன்னும் வலுவான போல்ட்டைத் தேடும் ஆசைதான் முதலில் வருகிறது: இன்னும் பெரிய மாதிரி, இன்னும் நுண்ணிய மென்பொருள். பெட்டிக்குள் நின்றவர் என்ன பார்த்தார் என்னும் கேள்வி கடைசியில் வருகிறது. பெரும்பாலும் தற்செயலாக வருகிறது.

கேட்பது எளிதாகவும் இல்லை. "வண்டியே அப்படித்தான் என்று நினைத்தேன்" என்ற விடையில் அறியாமை கொஞ்சம், அனுபவம் மிகுதி. கேட்காமல் சொன்னால் தன்மேல் பழி வரும் என்பது, வெளியூரில் கூலிக்கு நிற்பவர் எவருக்கும் தெரியும். பட்டை கோணலாக இருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தால், எருவை ஒரு பக்கமாக ஏற்றியவர் நீதானே என்ற கேள்வி வந்திருக்கக்கூடும். தெரிந்ததைச் சொல்லும் துணிவு, சொல்வதால் கேடு வராது என்ற உறுதியிலிருந்தே பிறக்கிறது. அந்த உறுதியைத் தர வேண்டியவர் கேட்கிறவரே.

வண்டி பழுது நீங்கிய பின் இரண்டு நாள் ஓடியது. குவியலில் பாதி வயலுக்குப் போயிற்று; மீதி அடுத்த பருவத்துக்குக் கிடந்தது. தொழிலாளி ரயிலுக்குக் கிளம்பும் முன் கணக்குப் பார்க்கப்பட்டது. பேச்சு வண்டிக் கணக்கு. ஆகவே வயலில் பரவி முடிந்த வண்டிகள் எண்ணப்பட்டன. சிக்கி நின்ற ஆறு வண்டிகளின் எருவைப் பெட்டியிலிருந்து கையால் வாரிக் கொட்டியது எந்தக் கணக்கிலும் வரவில்லை. எரு ஏற்றும் வேலைக்குத்தான் கூலி. இறக்கும் வேலை இயந்திரத்தினுடையது. இயந்திரம் செய்யாத நாளில் அதைச் செய்தவருக்கு என்ன தர வேண்டும் என்பது பேசப்படவே இல்லை. மிஸ்திரியின் கூலியும், சக்கரத்தின் விலையும், பதினொரு போல்ட்டுகளின் விலையும் வீட்டுக் கணக்கேட்டில் தனித்தனி வரிகளில் எழுதப்பட்டிருக்கின்றன.